கிரைசிஸ் திணறுவதற்கு உங்கள் கிராபிக்ஸ் கார்டு காரணமில்லை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 8 கோர் பிராசசர், 16 ஜிபி ரேம், நல்ல கிராபிக்ஸ் கார்டு, நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் உள்ள டெஸ்க்டாப். புதிய கேம்கள் எல்லாம் அதில் நன்றாகவே ஓடுகின்றன. ரொம்ப நாள் ஆசைப்பட்டு 2007இல் வந்த கிரைசிஸ் என்ற கேமை வாங்கி எல்லாவற்றையும் ‘வெரி ஹை’யில் வைத்துவிட்டு உட்கார்ந்தால், ஆளில்லாத கடற்கரையில் 100 எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் திரைக்கு வரும் ஃபிரேம்கள், அதாவது படங்கள்) வரை போவது, குடிசைகள் இருக்கும் இடத்தில் சண்டை ஆரம்பித்ததும் 38க்கு இறங்கிவிடுகிறதாம். அந்த நேரத்தில் கார்டின் பயன்பாடு 35 சதவீதம், பிராசசர் 15 சதவீதம். இரண்டுமே முக்கால்வாசி சும்மா இருக்கும்போது எதுதான் இழுத்துப் பிடிக்கிறது, கடைக்காரர் சொல்வதுபோல இன்னும் பெரிய கார்டு போட்டால் சரியாகுமா என்று கேட்கிறார்.

கார்டு வாங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பணம் முழுக்க வீண். உங்கள் கார்டு வேலை செய்ய முடியாமல் திணறவில்லை, வேலை வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் தந்த எண்களையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 38 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேம் தயாராக 26 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது (1000ஐ 38ஆல் வகுத்தால் வருவதுதான்). அதில் கார்டு 35 சதவீத நேரம்தான் வேலை செய்கிறது என்றால், தன் பங்கை அது ஏறக்குறைய 9 மில்லிசெகண்டில் முடித்துவிடுகிறது. மீதி 17 மில்லிசெகண்டும் காத்திருப்பு. இரண்டு மடங்கு வேகமான கார்டு போட்டால் அந்த 9 என்பது நாலரை ஆகும், அவ்வளவுதான், 26 என்பது 26ஆகவே நிற்கும், திரையில் அதே 38தான் தெரியும்.

அந்த 26 மில்லிசெகண்டும் எங்கே போகிறது என்றால், பிராசசரில் ஓடும் ஒரே ஒரு த்ரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் ஒரே வேலை வரிசையில். கிரைசிஸை ஓட்டும் ‘கிரைஎஞ்சின் 2’ என்ற அடிப்படை மென்பொருள் ஒலி, இயற்பியல், ஃபைல்களை டிஸ்கிலிருந்து எடுப்பது மாதிரி சில வேலைகளைத் தனித்தனி த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆனால் கேமின் முக்கியத் தீர்மானங்களும், திரையில் எதை எதை வரைய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் வேலையும் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கின்றன. கல்யாணச் சமையலில் காய் நறுக்க, அரிசி களைய எட்டுப் பேர் இருக்கலாம், ஆனால் எல்லா அண்டாவுக்கும் உப்பும் காரமும் பார்த்துச் சரி சொல்வது ஒரே ஆள் என்றால், அவர் கை எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில்தான் பந்திக்குப் போகும். இன்னும் எட்டுப் பேரைக் கூட்டி வந்தாலும் சரி, பரிமாறும் ஆட்களை மாற்றினாலும் சரி, அதில் மாற்றம் வராது.

சரி, பிராசசர் 15 சதவீதம் என்று ஏன் காட்டுகிறது? 8 கோர் என்றால் பொதுவாக ஒரு கோர் இரண்டு த்ரெட்களை ஓட்டும் என்ற கணக்கில் விண்டோஸ் அதை 16ஆக எண்ணும். அதில் ஒன்று மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதம்தான். அதனால் 15 சதவீதம் என்பதைப் பார்த்து பிராசசர் ஓய்வாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் கோர்களைத் தனித்தனிக் கட்டங்களாக வைத்துப் பார்த்தாலும் ஏமாற வாய்ப்புண்டு, ஏனென்றால் விண்டோஸ் அந்த ஒரு த்ரெட்டை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும், எந்தக் கட்டமும் 100ஐத் தொடாமல் நாலைந்து கட்டங்கள் பாதிப் பாதி நிறைந்தது போலத் தெரியும்.

நம்பகமான சோதனை வேறு. சண்டை நடக்கும் இடத்தில் ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். அந்த சேவ் ஃபைலையே முதலில் 2560க்கு 1440இலும், அப்புறம் 1280க்கு 720இலும் திறந்து, நகராமல் அதே திசையைப் பார்த்தபடி எஃப்பிஎஸ்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் வரைய வேண்டிய பிக்சல்கள் சரியாக நாலில் ஒரு பங்கு. கார்டுதான் தடை என்றால் எண் எகிற வேண்டும். அப்படியே 38, 39 என்று நின்றால் தடை பிராசசர் பக்கம்தான், சந்தேகமே வேண்டாம். உங்களுக்கு எண் நிற்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வி-சிங்க் (ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் செட்டிங்) போட்டிருந்தால் சில நேரம் எண், மானிட்டரின் ஹெர்ட்ஸை மீதியின்றி வகுக்கும் ஒரு எண்ணுக்கு இறங்கி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 50 வர வேண்டிய இடத்தில் 30 என்று நிற்பது அதனால்தான். சோதனை செய்யும்போது வி-சிங்க்கை எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

இத்தனை கெட்டிக்காரர்கள் எழுதிய எஞ்சின் ஏன் இப்படி என்று கேட்கத் தோன்றும். கேமை உருவாக்கிய கிரைடெக் நிறுவனம் இதை ஆரம்பித்தது 2004இல் அதன் முந்தைய கேமான ஃபார் க்ரை வெளியான பிறகு. அந்தக் காலம் வரை பிராசசர் என்றாலே வருடா வருடம் கிகாஹெர்ட்ஸ் ஏறும் என்பதுதான் எல்லோருடைய கணக்கும். 10 கிகாஹெர்ட்ஸ் வரும் என்று இன்டெல்லே பேசிக்கொண்டிருந்தது. நடந்தது வேறு. 2004 கடைசியில் பென்டியம் 4 வந்து நின்ற இடம் 3.8, திட்டமிட்டிருந்த 4 கிகாஹெர்ட்ஸ் வடிவத்தையே இன்டெல் கைவிட்டது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் மின்னழுத்தத்தையும் அதே அளவு குறைக்கலாம் என்ற பழைய வசதி அங்கே தீர்ந்துபோனது, மின்கசிவும் வெப்பமும் கைமீறின. அதற்கு மேல் போகும் வழி கோர்களைக் கூட்டுவதுதான் என்று எல்லோரும் 2005, 2006இல் திரும்பியபோது கிரைசிஸ் பாதி கட்டிய வீடு. அஸ்திவாரத்தைத் தோண்டி மாற்ற நேரமில்லை. இன்றைக்குக்கூட நல்ல பிராசசர் தொடுவது 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலேதான். ஒரு துடிப்பில் செய்யும் வேலை பல மடங்கு கூடியிருப்பதால்தான் நாம் 38 எஃப்பிஎஸ்ஸையாவது பார்க்கிறோம்.

உச்சபட்ச செட்டிங் அன்றைய கணினிகளுக்கல்ல, பின்னால் வரப்போகும் கணினிகளுக்கு என்றுதான் வைத்தோம் என்று கிரைடெக்கை நிறுவியவர்களில் ஒருவரான செவாத் யெர்லி சொல்லியிருக்கிறார். கார்டைப் பொறுத்தவரை அது பலித்துவிட்டது. அன்றைக்கு கேமின் பெட்டியில் பரிந்துரைத்தது ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎஸ் 640 எம்பி, உங்களிடம் இருப்பதற்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. திரையில் பொருள்கள் சேரும் மூலைகளில் மெல்லிய நிழல் படிய வைக்கும் எஸ்எஸ்ஏஓ என்ற உத்தி முதலில் வந்தது இந்த கேமில்தான், இன்று அது எல்லா கேமிலும் சாதாரணம்.

பிராசசரை வாட்டுவது வேறு விஷயம். ஒரு குடிசையைப் பாருங்கள். தகரக் கூரை, பலகைச் சுவர், மரத்தூண், உள்ளே மேசை, பெட்டி, பாட்டில், பீப்பாய். தூரத்திலிருந்து பார்க்க ஒரே வீடு. ஒரு கையெறி குண்டு உள்ளே விழுந்ததும் ஒவ்வொரு தகரமும் ஒவ்வொரு பலகையும் தனிப் பொருளாகப் பிரிந்து பறக்கிறது, எது எதில் மோதுகிறது, எது எதன்மேல் சாய்ந்து நிற்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு. பக்கத்துத் தென்னை மரத்தைச் சுட்டால் குண்டு பட்ட இடத்திலேயே முறிந்து விழுகிறது, முன்கூட்டியே வெட்டி வைத்த இடத்தில் அல்ல. அப்படிச் சிதறிய ஒவ்வொரு துண்டையும் ‘இதை வரை’ என்று பிராசசர் கார்டுக்குத் தனித்தனியாக ஆணையிட வேண்டும். இதற்கு டிரா கால் என்று பெயர். கேம்கள் கார்டோடு பேசப் பயன்படும் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் 9ஆம் பதிப்பாக இருந்த காலத்தில் ஒவ்வொரு டிரா காலும் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வழியாகப் போய் வருவது விலை கூடிய சமாச்சாரம், டைரக்ட்எக்ஸ் 10 அதைக் குறைக்கப் பார்த்தது, ஆனால் அடியோடு தீர்க்கவில்லை. நிழல் வேண்டுமென்றால் சூரியன் இருக்கும் திசையிலிருந்து பார்ப்பது போல அதே பொருள்களை இன்னொரு முறை வரைய வேண்டும், ஆக டிரா கால்கள் மறுபடியும். இத்தனைக்கும் நடுவே சிப்பாய்கள் உங்களைத் தேடுகிறார்கள், ஒருவன் வானத்தில் ஃபிளேர் சுட்டு ஆள் கூப்பிடுகிறான், நீங்கள் நானோசூட் என்ற கவச உடையில் க்ளோக் போட்டு மறைந்ததும் கடைசியாகப் பார்த்த இடத்தை நோக்கி ஓடுகிறார்கள். உங்கள் 26 மில்லிசெகண்ட் போவது இதற்கெல்லாம்தான். எனக்கு இந்த கேம்மீது இன்னும் மரியாதை இருப்பதும் இதனால்தான்.

இப்போது செய்ய வேண்டியவை. அட்வான்ஸ்டு கிராபிக்ஸ் பக்கத்தில் டெக்ஸ்சர், ஷேடர், போஸ்ட் பிராசஸிங், தண்ணீர் எல்லாம் வெரி ஹையிலேயே இருக்கட்டும். அவை கார்டின் வேலை, கார்டுக்கு நேரம் நிறைய இருக்கிறது. ‘ஆப்ஜெக்ட்ஸ்’ தரத்தை ‘ஹை’க்கு இறக்குங்கள். அதிகப் பலன் தருவது இதுதான், ஏனென்றால் தூரத்தில் இருக்கும் செடிகொடிகளையும் சாமான்களையும் எவ்வளவு தொலைவு வரை வரைவது என்பதை இது தீர்மானிக்கிறது. போதவில்லை என்றால் அடுத்து ‘ஷேடோஸ்’ ஒரு படி கீழே. ‘பிசிக்ஸ்’ஸையும் ‘கேம் எஃபெக்ட்ஸ்’ஸையும் கடைசியாகத்தான் தொடுவேன், குடிசை சிதறுவதைக் குறைத்துவிட்டு இந்த கேமை விளையாடுவதில் எனக்கு மனம் ஒப்பாது. ஒவ்வொன்றாக மாற்றி, அந்த ஒரே சேவில் எண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள், நாலையும் ஒரேயடியாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள், அதில் துளி பிரயோஜனமும் இல்லை.

டைரக்ட்எக்ஸ் 9இல் ஓட்டியும் பாருங்கள். ஷார்ட்கட்டின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, டிஎக்ஸ்9 என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்தால் போதும். அதில் வெரி ஹை தேர்வு கிடைக்காது, ஹை வரைதான். ஆனால் சில கணினிகளில் எண் நன்றாக ஏறும், உங்களுடையதில் எப்படி என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கேமுக்கு வெளியே பார்க்க வேண்டியது இரண்டு. ரேம் 16 ஜிபி என்கிறீர்கள், அது ஒரே குச்சியா, 8ஆக இரண்டா? ஒரே குச்சி என்றால் மெமரியிலிருந்து தரவு வரும் பாதை பாதியாகிவிடும், இப்படி ஒற்றை த்ரெட்டை நம்பி ஓடும் கேமில் அது நன்றாகவே தெரியும். இரண்டு குச்சி இருந்தும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் கணினியின் அடிப்படை செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேகத் தேர்வைப் போடாமல் விட்டிருந்தால் ரேம் தன் முழு வேகத்தில் ஓடாது, அதையும் பாருங்கள். அப்புறம் சூடு. பிராசசர் ஒற்றைக் கோரை உச்ச வேகத்துக்கு ஏற்றுவது வெப்பம் இடம் கொடுத்தால்தான். ஃபேனில் தூசி அடைத்திருந்தால் 4.5 கிகாஹெர்ட்ஸ் போக வேண்டியது 4க்குக் கீழே இறங்கி ஓடும். செலவில்லாத இந்த இரண்டையும் முடித்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

இவ்வளவும் செய்து சண்டையில் 48 வந்துவிட்டால், டிரைவரின் செட்டிங்கில் 48 என்று வரம்பு போட்டு வையுங்கள். உங்கள் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், 48 அதைச் சரியாக மூன்றாக வகுக்கிறது, ஒவ்வொரு ஃபிரேமும் திரையில் ஒரே அளவு நேரம் நிற்கும். 100க்கும் 38க்கும் நடுவில் ஊசலாடுவதைவிடக் கண்ணுக்கும் கைக்கும் இது எவ்வளவோ நிம்மதி. 48 கிடைக்கவில்லை என்றால் 36, அதுவும் 144ஐ நாலாக வகுக்கும்.

என்றைக்காவது பிராசசர் மாற்றும்போது கோர் எண்ணிக்கையைப் பார்க்காமல் ஒற்றைக் கோர் வேகத்தையும் கேச் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) அளவையும் பாருங்கள். ஏஎம்டி 2022இல் விட்ட 5800எக்ஸ்3டி பிராசசர் இதே 8 கோர்தான், ஆனால் 96 எம்பி எல்3 கேச் இருப்பதால் இந்த மாதிரி கேம்களில் அதன் பலம் தனி. இந்த ஒரு கேமுக்காக மாற்றுங்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். 2020இல் வந்த ரீமாஸ்டர்டு (புதுப்பித்த) வடிவத்துக்குப் போனாலும் இந்தத் தொல்லை முழுதாகத் தீராது, அதிலும் ஒற்றை த்ரெட் பிரச்சினை தொடர்கிறது.

கடைசியாக, கேமின் முடிவுக்கு முன்னால் ‘அசென்ஷன்’ என்று ஒரு கட்டம் வரும், பள்ளத்தாக்கு வழியாக நீங்களே விமானம் ஓட்ட வேண்டும். பிராசசரை அதிகம் கசக்குவதில் அது மோசமானது. 2011இல் பிஎஸ்3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் கேமைக் கொண்டுபோனபோது அந்தக் கட்டத்தையே விட்டுவிட்டார்கள், ரீமாஸ்டர்டிலும் முதலில் அது இல்லை. அங்கே போனதும் எண் 30க்குக் கீழே விழுந்தால் பயப்பட வேண்டாம், கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆப்ஜெக்ட்ஸையும் ஷேடோஸையும் ‘மீடியம்’ ஆக்கி ஓட்டி முடித்துவிட்டு, விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கியதும் பழையபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.