அமெரிக்காவில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு டாக்ஸ் கிரெடிட் (கட்ட வேண்டிய வரியிலேயே கழியும் சலுகை) கேட்கும்போது, 1098-டி படிவத்தில் இருப்பதை அப்படியே போட்டால் போதுமா?

கேட்டவர் சொன்ன நிலைமை இது: கணவனும் மனைவியும் சேர்ந்து ரிட்டர்ன் தாக்கல் செய்கிறார்கள். மகள் இளநிலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. கட்டணத்தில் ஒரு பகுதி 529 கணக்கிலிருந்து (கல்விக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) போயிருக்கிறது, கொஞ்சம் ஸ்காலர்ஷிப்பும் உண்டு.

போதாது. 1098-டி என்பது கல்லூரி தன் பக்கத்தில் எழுதிய கணக்கு மட்டுமே. பாக்ஸ் 1-இல் கல்லூரிக்குக் கட்டிய கட்டணமும், பாக்ஸ் 5-இல் ஸ்காலர்ஷிப்பும் இருக்கும். வெளியே வாங்கிய புத்தகம் அதில் இருக்காது. 529-இலிருந்து எவ்வளவு வந்தது என்பதும் அதில் தெரியாது. அதனால் முதலில் பர்சார் அலுவலகத்தின் (கல்லூரியில் கட்டணம் வாங்கும் பிரிவு) கணக்கு அறிக்கையை மகளின் போர்ட்டலிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் எதற்காக எவ்வளவு கட்டினீர்கள் என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். 1098-டியும் பெரும்பாலும் அதே போர்ட்டலில், மகளின் பெயரில்தான் கிடக்கும்.

உங்களுக்குப் பொருந்துவது அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட். முதல் 2,000 டாலருக்கு முழுவதும், அடுத்த 2,000 டாலருக்கு 25 சதவீதமும் சேர்த்து ஒரு மாணவருக்கு 2,500 டாலர் வரை கிடைக்கும். கட்ட வேண்டிய வரியே இல்லாவிட்டாலும் அதில் 40 சதவீதம், அதாவது 1,000 டாலர் வரை, ரீஃபண்டாகக் கைக்கு வரும். மகள் பட்டப்படிப்பில் இருக்க வேண்டும். அந்த ஆண்டில் ஒரு செமஸ்டராவது அரை நேர அளவுக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும். கட்டணம், கட்டாய ஃபீஸ், பாடத்துக்குத் தேவையான புத்தகம், உபகரணம் எல்லாம் கணக்கில் சேரும். புத்தகத்தை எங்கே வாங்கினாலும் சரி, ரசீது வேண்டும். ஹாஸ்டல், சாப்பாடு, இன்சூரன்ஸ், பயணச் செலவு சேராது.

பலர் பணத்தைக் கோட்டைவிடும் இடம் 529 கணக்குதான். ஒரே செலவை 529-இன் வரிச்சலுகைக்கும் கிரெடிட்டுக்கும் காட்ட முடியாது. உதாரணத்துக்கு, கட்டணமும் ஃபீஸும் 12,000, புத்தகம் 800, ஸ்காலர்ஷிப் 6,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 6,800. இதில் 4,000 டாலரைக் கிரெடிட்டுக்கென்று ஒதுக்கி, அதைக் கைப்பணத்திலோ கடனிலோ கட்டுங்கள். பாக்கி 2,800-ஐயும், அரை நேரத்துக்குக் குறையாமல் படித்தால் ஹாஸ்டல், சாப்பாட்டுச் செலவையும் 529-இலிருந்து வரியில்லாமல் எடுக்கலாம். ஏற்கெனவே மொத்தத்தையும் 529-இலிருந்து கட்டிவிட்டீர்களா? அப்போதும் கிரெடிட்டை விட்டுவிடாதீர்கள். அந்த 4,000-இல் முதலீட்டு லாபப் பங்குக்கு மட்டும் வருமான வரி வரும். இந்தக் காரணத்தால் வரிக்குட்படும் தொகைக்கு 10 சதவீத அபராதம் கிடையாது. பணம் நேராகக் கல்லூரிக்கோ மகளுக்கோ போயிருந்தால் அந்த லாபம் மகளின் வருமானம்தான். பெரும்பாலும் சிறிய தொகையாகத்தான் இருக்கும்.

பாக்ஸ் 5 பாக்ஸ் 1-ஐவிடப் பெரிதாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது என்று முடிவுகட்ட வேண்டாம். பெல் கிராண்ட் (குறைந்த வருமானக் குடும்ப மாணவர்களுக்கான அரசு உதவி) போல, வாழ்க்கைச் செலவுக்கும் பயன்படுத்தலாம் என்ற விதியுள்ள உதவித்தொகையில் ஒரு பகுதியை ஹாஸ்டல் செலவுக்குப் போனதாகக் கொண்டு மகளின் வருமானமாகக் காட்டலாம். அந்த அளவுக்குக் கட்டணம் கிரெடிட்டுக்கு விடுபடும். மகளுக்கு வேறு வருமானம் அதிகம் இல்லையென்றால், வருமானத்தில் வரியில்லாமல் கழித்துக்கொள்ளும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் கட்டணத்துக்கு மட்டுமே என்று எழுதிக்கொடுத்த ஸ்காலர்ஷிப்பில் இதைச் செய்ய முடியாது. விதிமுறைக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள்.

இந்தக் கிரெடிட் ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகளுக்குத்தான். படிப்போ ஐந்து வரி ஆண்டுகளில் பரவும்: 2023 இலையுதிர் செமஸ்டரில் சேர்ந்து 2027 வசந்தத்தில் முடித்தால் 2023 முதல் 2027 வரை. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தொடங்கும் செமஸ்டருக்கு முந்தைய டிசம்பரில் கட்டினால் அது கட்டிய ஆண்டின் கணக்கு. எனவே 2023-இல் 4,000 தேறவில்லை என்றால் அந்த ஆண்டைக் கேட்காமல் விட்டு, கடைசி செமஸ்டர் பணத்தை 2027 ஜனவரியில் கட்டலாம், கல்லூரியின் கெடு இடம் கொடுத்தால். கடனில் படித்தாலும் கட்டணம் கட்டிய ஆண்டுதான் கணக்கு, கடன் திருப்பிக் கட்டும் ஆண்டு அல்ல.

வருமான வரம்பு: சேர்ந்து தாக்கல் செய்வோருக்கு 1,60,000 டாலரில் குறையத் தொடங்கி 1,80,000-இல் முடிந்துவிடும். 1,72,000 என்றால் 40 சதவீதம், அதாவது அதிகபட்சம் 1,000 டாலர். வேலையிட ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-இல் வரிக்கு முன் பிடிக்கும் பங்களிப்பைக் கூட்டினால் இந்த வருமானம் இறங்கும். ஆனால் அதை டிசம்பருக்குள் செய்ய வேண்டும். கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தாக்கல் செய்தால் எந்தக் கல்விக் கிரெடிட்டும் இல்லை. வரம்பைத் தாண்டிவிட்டால் மகளை டிபென்டன்ட்டாக (உங்களைச் சார்ந்தவராக) ரிட்டர்னில் காட்டாமல் விடலாம். அப்போது மகளே கேட்கலாம். ஆனால் 24 வயதுக்குள் இருந்து பெற்றோர் செலவில் படிப்பவருக்கு ரீஃபண்ட் பகுதி கிடைக்காது. மகளுக்குக் கட்ட வேண்டிய வரி இருந்தால்தான் பயன். நீங்களும் 500 டாலர் டிபென்டன்ட் கிரெடிட்டை இழப்பீர்கள். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

எச்-1பி குடும்பங்கள் கவனிக்க வேண்டியது: 2025 வரி ஆண்டு வரை ஐடிஐஎன் (சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கான வரி எண்) போதும். 2026 வரி ஆண்டிலிருந்து வேலைக்குச் செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி எண் மாணவருக்கும் வேண்டும். எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளுக்குப் பொதுவாக அது இருக்காது.

நிரப்ப வேண்டியது படிவம் 8863. முதலில் மூன்றாம் பகுதியை ஒவ்வொரு மாணவருக்கும் தனியாக நிரப்புங்கள். கல்லூரியின் வரி அடையாள எண்ணான இஐஎன் 1098-டியில் இருக்கும். மேற்படிப்புக்கும் நான்கு ஆண்டு முடிந்த பிறகும் லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் உண்டு. அது 10,000 டாலர் வரையான கட்டணத்துக்கு 20 சதவீதம். ஆனால் குடும்பத்துக்கே மொத்தம் 2,000 டாலர்தான், ரீஃபண்டும் இல்லை. முந்தைய ஆண்டுகளில் கேட்காமல் விட்டிருந்தால், தாக்கல் செய்து பொதுவாக மூன்று ஆண்டுக்குள் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்திக் கேட்கலாம்.