லைப்சிக்கில் ஆய்வகத்துக்கு வெளியே பழகுவது எப்படி?

தம்பி, லைப்சிக் வந்து எட்டு மாதம் ஆகியும் ஆய்வகத்துக்கு வெளியே ஒருவரையும் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். பழகுகிறவர்கள் எல்லோரும் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அல்லது வாங்கப்போகிறவர்கள், பேச்சு ஆங்கிலத்தில், அதுவும் கட்டுரை, மாநாடு, அடுத்த ஒப்பந்தம் என்றே சுற்றுகிறது. டிராம் ஓட்டுபவர், குழாய் வேலை செய்பவர், செவிலியர் போன்ற சாதாரண மக்களை எங்கே போய்ச் சந்திப்பது என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஜெர்மானியர்கள் ஒட்டவே மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு பெட்டி கட்டிய ஆய்வாளர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் பழகிய ஜெர்மானியர்கள் அத்தனை பேரும் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள்தான்.

இந்த ஊரில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்கள் மட்டுமே மூன்று இருக்கின்றன. அவற்றுக்குள் ஜெர்மன் தெரியாமலே காலம் தள்ளிவிடலாம். வசதிதான். ஆனால் அந்த வசதியே சுவராகிவிடுகிறது.

முதலில் ஒன்று. டிராமில் பக்கத்தில் உட்கார்ந்தவரோடு பேச்சுக் கொடுத்து நட்பாவது இங்கே அரிது. அதை மனக்குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே மனிதர்கள் கூடுவது ஃபெரைன் என்னும் சங்கங்களில். ஏழு பேர் சேர்ந்தால் நீதிமன்றத்தில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். பந்தாட்டத்துக்கு, கூட்டுப் பாடலுக்கு, சதுரங்கத்துக்கு, புறா வளர்ப்புக்கு என எல்லாவற்றுக்கும் சங்கம் உண்டு. அதே ஆட்கள், அதே இடம், அதே கிழமை. நான்கு வாரம் தவறாமல் போனால் முகம் தெரியும். ஓர் ஆண்டு போனால் உங்கள் இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று விசாரிக்க ஆள் இருக்கும்.

லைப்சிக்கில் இருந்துகொண்டு தோட்டச் சங்கத்தைத் தேடிப் போகாவிட்டால் அது பெரிய இழப்பு என்பேன். ஜெர்மனி முழுவதும் ஷ்ரேபர் தோட்டம் என்று அழைக்கப்படும், சங்கத்தில் சேர்ந்து குத்தகைக்கு எடுக்கிற சிறு தோட்டம் பிறந்ததே இங்கேதான். 1864-இல் ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைவர் தொடங்கிய சங்கம் அது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு இறந்துபோன ஷ்ரேபர் என்ற மருத்துவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். குழந்தைகள் விளையாடத் திடல் வேண்டும் என்பதுதான் முதல் எண்ணம்; ஓரத்தில் போட்ட பாத்திகளைப் பிறகு பெற்றோர் கையில் எடுத்துக்கொண்டார்கள். இன்று 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தோட்டம் 400 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, குடில் 24 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். பேராசிரியருக்கும் அதே அளவு, பஸ் ஓட்டுநருக்கும் அதே அளவு. வேலி மட்டும்தான் இடையில்.

தோட்டம் குத்தகைக்குக் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். சங்கத்தின் நுழைவாயிலில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பெட்டி ஒன்று இருக்கும். பொதுவேலை நாள் எப்போது, யாருக்கு உதவி தேவை, யார் எதைக் கொடுத்துவிட நினைக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் ஒட்டியிருக்கும். குத்தகைக்காரர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பொதுவேலை செய்தாக வேண்டும். முதுமையால் செய்ய முடியாதவர்கள் அங்கே நிறையப் பேர். உதவிக்கு வரட்டுமா என்று கேட்கிற ஓர் இளைஞருக்கு எந்தச் சங்கமும் எளிதில் கதவைச் சாத்தாது.

என்னுடைய பழக்கமும் அப்படி ஒரு பொதுவேலையில்தான் தொடங்கியது. மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை வேலிச் செடிகளை ஒட்ட வெட்டக் கூடாது என்பது இயற்கைப் பாதுகாப்புச் சட்டம். பறவைகள் கூடு கட்டும் காலம். அதனால் பிப்ரவரிக் கடைசியில் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். எனக்கு வலப்புறம் நின்ற பெரியவர் என் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி, பிடியின் திருகை அரைச் சுற்று முறுக்கித் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அது வெண்ணெயை வெட்டுவதுபோல வெட்டியது. அன்று எங்களுக்குள் நடந்த உரையாடல் மொத்தமும் அவ்வளவுதான்.

அவர் கோஸ்புடன் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ராட்சத மண்வாரியை இயக்கியவர் என்பது எனக்குத் தெரிய அடுத்த கோடை வந்துவிட்டது. கோஸ்புடன் என்பது அந்தச் சுரங்கத்துக்காக இடிக்கப்பட்ட ஊரின் பெயர். 1981-இல் தோண்டத் தொடங்கினார்கள், 1992-இல் மூடினார்கள். பள்ளத்தில் நீர் நிரப்பி 2000-இல் ஏரியாகத் திறந்தார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நீந்தப் போகும் அதே ஏரிதான். அதற்கடியில்தான் அவர் வேலை பார்த்தார். எங்கள் தோட்டத்துக்கு இடப்புறம் இருக்கும் அம்மா, 1990-இல் அந்தச் சுரங்கத்தை நிறுத்தச் சொல்லி ஊர்வலம் போனவர். ஒருவருக்கு அது வாழ்வு போன கதை, மற்றவருக்கு மூச்சுவிட முடிந்த கதை. இருவரும் ஒரே தண்ணீர்க் குழாயைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இந்த ஊர் அன்று இருந்த கிழக்கு ஜெர்மனியின் ஆட்சி கவிழ்ந்த 1989-ஐப் பற்றி நான் படித்த எதுவும் இந்த இரண்டு வேலிகளுக்கு நடுவில் கேட்டதற்கு ஈடாகாது.

தோட்டம் பிடிக்காதென்றால் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்னும் மாலைநேர மக்கள் கல்வி நிலையம் இருக்கிறது. ஆனால் ஜெர்மன் வகுப்பில் மட்டும் சேர்ந்தால் அங்கே நம்மைப் போன்ற வெளிநாட்டினர்தான் இருப்பார்கள். தையல், மர வேலை, மிதிவண்டி பழுதுபார்த்தல் என்று ஏதாவது ஒன்றில் சேருங்கள். நகர எல்லையில் குடியிருந்தால் தன்னார்வத் தீயணைப்புப் படையையும் விசாரிக்கலாம். நன்றாக ஜெர்மன் பேச வேண்டும், பயிற்சியும் கடுமை; ஆனாலும் மின்பணியாளரும் ஆசிரியரும் ஒரே வண்டியில் ஏறுகிற இடம் அது.

எங்கே போனாலும் ஓர் ஆய்வாளரின் கண்ணோடு போகாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். சாதாரண மக்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று அறியப் போனால், அது அவர்களுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். அறுபது வயது தாண்டியவரிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம். 1990-க்குப் பிறகு ஆலைகள் மூடப்பட்டு, கற்ற தொழில் ஒன்றுக்கும் உதவாமல் போனவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். தானாகச் சொல்லும் வரை விடுங்கள். உங்கள் படிப்பைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள், போதும்.

அரசியல் வரும். வெளிநாட்டினர் அதிகமாகிவிட்டார்கள் என்று உங்கள் முகத்துக்கு நேரே ஒருவர் சொல்லக்கூடும், அடுத்த நிமிடம் தன் ஏணியை உங்களுக்கு இரவல் தரவும் கூடும். அந்த ஏணிக்காக அந்தப் பேச்சை விழுங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அது வலிக்கிறது என்று நேராகச் சொல்லியிருக்கிறேன். சிலர் யோசித்தார்கள், சிலர் விலகினார்கள். அவமதிப்பு தொடர்ந்தால் வேறு சங்கம் பாருங்கள். இந்த ஊரில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை.

மொழியைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். வகுப்பில் கற்ற ஜெர்மன் இவர்களின் சாக்சன் வட்டாரப் பேச்சுக்கு முன்னால் தொடக்கத்தில் நிற்காது. எல்லா மெய்யெழுத்தும் மிருதுவாகிக் கலந்துவிடும். புரியாதபோது தலையாட்டாமல் திரும்பச் சொல்லக் கேளுங்கள். அவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவ மாட்டார்கள். அவர்களில் மூத்தவர்கள் பள்ளியில் படித்தது ரஷ்ய மொழி. ஆகவே மெதுவாக, சத்தமாக, கைகளால் காட்டி மறுபடி சொல்வார்கள். ஆய்வகத்தில் யாரும் உங்களுக்கு அப்படி ஜெர்மன் கற்றுத்தரப் போவதில்லை.