முணுமுணுப்பு

கேள்வி: ஐயா, நான் கொழும்பில் வேலை செய்கிறேன். ஞாயிறுதோறும் ஒரு தியான வகுப்புக்குப் போகிறேன். சாமியிடம் கேட்பது கீழ்ப்படி, மனதைக் காலியாக்கிக்கொண்டு இருப்பதுதான் மேற்படி என்று அங்கே சொல்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அம்மா விடியற்காலையில் மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்று ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் கொழுந்து பறிக்க மலைக்குப் போவார். அவருக்கும் தியானம் சொல்லிக்கொடுக்கலாமா? அம்மன் வழிபாட்டில் பிரார்த்தனைக்கு என்ன இடம், தியானத்துக்கு என்ன இடம்?
ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, இடம் பிரிப்பதைப் பிறகு பார்ப்போம். "முணுமுணுத்துவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பெற்ற தாய் சாமியோடு பேசுவதை வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் உங்களுக்கே கோபம் வந்திருக்கும்.

ஆனால் சொல் சரியான சொல்தான். பள்ளிக்கூடத்தில் சைவசமயப் பாடத்தில் செபம் மூன்று வகை என்று படித்திருப்பீர்கள். ஆறுமுக நாவலரும் சைவ வினாவிடையில் இதைச் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி சொன்னால் வாசகம். வாய் அசையாமல் மனதுக்குள்ளேயே ஓடினால் மானதம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: உதடு அசையும், சொல் தன் காதுக்கு மட்டும் கேட்கும். அதற்கு உபாஞ்சு என்று பெயர், மந்தம் என்றும் சொல்வார்கள். நம் வீட்டுப் பேச்சில் அதுதான் முணுமுணுப்பு. உங்கள் வகுப்பில் சொல்கிற படிக்கணக்கையே எடுத்துக்கொண்டாலும், உங்கள் அம்மா பிரார்த்தனைக்கும் தியானத்துக்கும் நடுவே உள்ள படியில் தினமும் காலையில் போய் நிற்கிறார். யாரும் அவரைக் கைபிடித்து ஏற்றிவிடவில்லை.

மனதைக் காலியாக்குவதில் எனக்குச் சண்டையில்லை. செய்யுங்கள், நல்லது. ஆனால் அம்பாள் வழிபாட்டில் தியானம் என்று சொல்வது அதை அல்ல. அங்கே மனதை நிறைக்க வேண்டும். லலிதா சகஸ்ரநாமம் சொல்கிறவர்கள் முதல் நாமத்துக்கு முன்னால் தியான சுலோகம் ஒன்று சொல்வார்கள். செந்தூரச் சிவப்பு மேனி, மூன்று கண், மாணிக்க முடியில் பிறை, சிரித்த முகம் என்று அவளைக் கண்ணுக்குள் முழுசாக நிறுத்திக்கொண்ட பிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிடவே ஆரம்பிப்பது. கோயிலில் ஐயரும் அப்படித்தான்: முதலில் தியானம், பிறகு அவளை எழுந்தருளச் செய்யும் ஆவாகனம், அதற்கப்புறம்தான் பூவும் தண்ணீரும். அம்பாளை வழிபடும் ஸ்ரீவித்தை வழியில் அந்தர்யாகம் என்று உள்ளுக்குள் பூசை முடித்துவிட்டுத்தான் வெளிப்பூசைக்கு வருவார்கள். அந்த ஆயிரம் நாமங்களில் ஒன்று அவளைத் தியானத்தால் அடையத்தக்கவள் என்கிறது. இன்னொன்று, நாமம் ஓதினால் மகிழ்கிறவள் என்கிறது. இரண்டு பெயருக்கும் அவளே சொந்தக்காரி.

தோட்டத்துத் திருவிழாவில் கரகம் பாலிக்கிற இரவை நினைத்துப் பாருங்கள். ஆற்றங்கரையில் செம்பில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, வேப்பிலை வைத்து, தப்பு முழங்க, கரகம் எடுக்கிறவர் தலையில் ஏற்றுகிறார்கள். கையால் பிடிக்காமல் அந்தச் சறுக்குப் பாதையில் அவர் மேலே ஏறி வருகிறார். சுற்றி அத்தனை சத்தம். அவர் கண்ணைப் பாருங்கள். அங்கே அம்மனைத் தவிர வேறு யாருக்காவது இடம் இருக்கிறதா?

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. கோயில் லவுட்ஸ்பீக்கரைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் திட்டிக் கடிதம் வருகிறது. வரட்டும். தப்புச் சத்தம் வேறு. அது சாமியை வரவழைக்கிற சத்தம், அடிப்பவன் கையில் உயிர் இருக்கிறது. விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பத்தில் கட்டிய குழாய் அலறும்போது லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண்ணும் தன் முணுமுணுப்பைத் தானே கேட்க முடியாது. நாவலர் சொன்ன நடுப்படியை அப்படியே பெயர்த்து எறிகிற வேலை அது. ரோதை முனியைப் பற்றி எழுதியபோதும் எனக்கு இதே கோபம்தான் வந்தது. ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் ரோதை, அதாவது இயந்திரச் சக்கரம், சுழலும் இடத்தில், கையைக் காலைக் காத்துக்கொடு என்று நம் ஆட்கள் வைத்துக் கும்பிட்ட சாமி அது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கும்பிட்ட சாமி கவ்வாத்துச்சாமி. இவற்றைச் "சிறுதெய்வம்" என்று ஒதுக்கி, கல்லைப் பிடுங்கிவிட்டுச் சீமெந்தில் கோபுரம் கட்டுகிறவர்கள், அந்தக் கல்லுக்கு முன்னால் எத்தனை பேர் பயந்து, நம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று ஒரு நாளாவது யோசித்திருப்பார்களா? இதை இன்னும் நூறு தடவை எழுதுவேன்.

இனி, கேட்பது கீழ்ப்படி என்ற பேச்சு. தேயிலைக்கு முந்தைய கோப்பிக்காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் சனம் வாந்திபேதியிலும் அம்மையிலும் வழிநெடுகச் செத்து விழுந்தது. அந்த நடை முடிந்த மாத்தளையில்தான் இன்று முத்துமாரியம்மன் இருக்கிறாள், மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடுகிறது. முத்து என்பது அம்மை முத்து. பிள்ளையின் உடம்பில் முத்துப் போட்டிருக்கும்போது தாய் எதைக் காலியாக்குவாள்? கேட்கத்தான் செய்வாள்.

எனக்கு ஏழு வயதில் அம்மை போட்டது. வேப்பிலைப் படுக்கையில் போட்டிருந்தார்கள். 10க்கு 12 அடிக் காம்பரா, ஒரே அறை, அதில் ஆறு பேர். அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, என் தலைமாட்டில் உட்கார்ந்து மாரியம்மன் தாலாட்டுப் பாடினாள். இதைக் கவனியுங்கள் தங்கச்சி, தாலாட்டு எனக்கில்லை, அம்மனுக்கு. உலகத்துக்கே தாயானவளைப் பிள்ளையாக்கி, கோபம் தணிந்து தூங்கு என்று பாடுகிறாள் லயத்துக் கிழவி. முதலில் நன்றாகக் கேட்கும். நேரம் போகப்போகப் பாட்டு மெலிந்து முணுமுணுப்பாகும். அப்புறம் அதுவும் நின்று அப்பாயி அசையாமல் இருப்பாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் புரண்டால், கை உடனே வந்து என் நெற்றியில் படும். வாசகம், மந்தம், மானதம் மூன்றையும் நான் படித்தது பாடப்புத்தகத்தில் அல்ல, அந்த இரவில்.

அம்பாளைப் பாடும் சௌந்தர்ய லஹரியின் 27ஆம் சுலோகத்தை உங்கள் வகுப்பில் யாராவது சொன்னார்களா தெரியாது. என் பேச்செல்லாம் உனக்குச் செபமாகட்டும், என் கைவேலையெல்லாம் முத்திரையாகட்டும், நடப்பது உன்னை வலம் வருவதாகட்டும், உண்பது ஆகுதியாகட்டும், படுப்பது உன்னை வணங்குவதாகட்டும் என்று அதில் வருகிறது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொழுந்து பறிக்கிற கைகள்தான் தெரிகின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, தோளுக்குப் பின்னால் கூடையில் எறிந்து, மறுபடி கிள்ளும் அந்த விரல்களுக்கு முத்திரை என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லி அவர்களுடைய நாட்சம்பளத்தை யாரும் குறைத்துப் பேச விடமாட்டேன். கை முத்திரைதான், கூலியும் முழுசாக வேண்டும். தேத்தண்ணி வைத்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணுக்குக் கண்ணை மூடி உட்கார அரைமணி நேரம் யார் கொடுத்தார்கள்? அந்த அரைமணி நேரத்தை வாங்கிக்கொடுத்துவிட்டு அவளுக்குத் தியானம் சொல்லிக்கொடுக்க வாருங்கள்.

அப்பாயி காலையில் என்ன முணுமுணுக்கிறாள் என்று எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. மந்திரம் என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டு வயதில் ஒருநாள் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றேன். பெயர்கள். வெறும் பெயர்கள். பெரியத்தை, அவள் வீட்டுக்காரர், அவள் பிள்ளைகள் நான்கு பேர். சின்னத்தை, அவள் கைப்பிள்ளை. 1964இல் இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து நம் சனத்தில் 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று எழுதினவே, அந்தக் கணக்கில் தலைமன்னாருக்கு ரயில் கோச்சியேறிக் கப்பலில் போனவர்கள். காப்பாற்று என்று ஒரு சொல் இல்லை, இது கொடு அது கொடு என்று இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிறுத்துவாள். அந்த நிறுத்தத்தில் அந்த முகம் அவளுக்கு வந்துவிட்டது என்று இப்போது புரிகிறது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக, "ஆத்தா" என்று ஒரு தடவை. அவ்வளவுதான். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

கேள்விக்கு நேராகப் பதில் வேண்டுமென்றால்: உங்கள் வகுப்பை விடவேண்டாம். அம்மாவுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். அடுத்த லீவில் வீட்டுக்குப் போகும்போது விடியற்காலையில் எழுந்து அவர் பக்கத்தில் நில்லுங்கள். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். உதட்டைப் பார்த்தாலே போதும். உங்கள் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.