ஓடுகிற பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கணும்: வாசகர் கேள்வி பதில்

விளையாட்டுப் போட்டிகளுக்கு நெட்வொர்க் அமைப்பது பற்றிப் போன இதழில் சின்னதாக ஒரு பதில் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நான் கோபியில் 19 வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். என் அப்பா உடற்கல்வி ஆசிரியர். அதனால் இந்த இதழ் முழுவதும் மைதானத்துக் கேள்விகள்தான்.

அக்கா, வணக்கமுங்க. குறுவட்டத் தடகளப் போட்டியை இந்த வருஷம் எங்கள் பள்ளி நடத்துகிறது. முடிவுக்கோட்டு மேசை, பெயர் சரிபார்க்கும் மேசை, சான்றிதழ் அடிக்கும் அறை மூன்றையும் இணைக்க வேண்டும். நல்ல வைஃபை ரூட்டர் ஒன்று வாங்கினால் போதுமா? – உடற்கல்வி ஆசிரியர், அந்தியூர்

போதாதுங்க சார். முந்தின நாள் சாயங்காலம் வெறும் மைதானத்தில் சோதித்துப் பார்ப்பீர்கள், சிக்னல் அருமையாக இருக்கும். மறுநாள் பத்து மணிக்கு ஆயிரம் பிள்ளைகள் வந்து நின்றதும் அதே ரூட்டர் படுத்துவிடும். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். கூட்டமே ஒரு சுவர் மாதிரி நிற்கும். ஆகவே மூன்று மேசைக்கும் ஒயர் இழுத்துவிடுங்கள். வைஃபை கூடுதல் வசதியாக இருந்தால் போதும்.

ஒயரிலும் ஒரு கணக்கு உண்டு. நெட்வொர்க்குக்குப் போடும் கேட்-6 ஒயர் ஒரே இழுப்பில் 100 மீட்டர்தான் தாங்கும். 400 மீட்டர் தடத்தில் நேர்ப்பகுதி மட்டும் 84.39 மீட்டர். எட்டு லேன் போட்டால் மைதானம் நீளவாக்கில் 176 மீட்டரைத் தாண்டும். 100 மீட்டர் ஓட்டத்தின் ஆரம்பக் கோட்டிலிருந்து முடிவுக்கோட்டு மேசைக்கு ஒரே ஒயர் இழுத்தால், மேசைக்கு ஏறி இறங்கும் நீளத்தைச் சேர்த்து அளவு மீறிவிடும். நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒயர்களை இணைக்கும் பெட்டி) வைக்க வேண்டும், இல்லை ஃபைபர் எனும் கண்ணாடி இழை ஒயர் போட வேண்டும். அந்த நடு ஸ்விட்சுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும் என்பதையும் முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

ஒயர் முனையில் கனெக்டரை உங்கள் பையன்களே அடிப்பார்கள் என்றால் நிறவரிசையைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து நீல ஜோடிக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது பாருங்கள், அதில்தான் தப்பு நடக்கும். பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று பச்சையைப் பச்சைக்குப் பக்கத்திலேயே வைத்து இரண்டு முனையும் அடித்துவிடுவார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். அஞ்சு மீட்டர் ஒயரில் வேலையும் செய்யும். 80 மீட்டர் இழுத்ததும் விட்டுவிட்டு வரும், காரணமே பிடிபடாது. நான் ஒரு தடவை இதைத் தேடி அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

இதையெல்லாம்விட முக்கியம், போட்டி நடக்க இணையம் தேவைப்படவே கூடாது. சில வருஷம் முன்பு ஒரு மைதானத்தில் எல்லாப் பட்டியலையும் ஆன்லைன் ஷீட்டில் வைத்திருந்தோம். அமைத்தது நான்தான். பதினொரு மணிக்கு இணைய லைன் போய்விட்டது. செல்போன் நெட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், மைதானத்தில் இருந்த அத்தனை போனும் அதே டவரைத்தான் பிடித்திருந்தன. 1500 மீட்டர் பட்டியல் திறக்கவில்லை. பிள்ளைகள் வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். ஒரு பெண் பிள்ளை ஸ்பைக் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று தடவை வந்து, "அக்கா, எம்பேரு இருக்குதுங்களா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா கார்பன் தாள் வைத்து நான்கு படி எழுதி, நான்கு மேசைக்கும் முந்தின ராத்திரியே பிரித்துக் கட்டி வைப்பார். அவர் நடத்திய போட்டியில் இப்படி ஒரு பிள்ளை நின்றதில்லை.

அன்றிலிருந்து நான் மாற்றிவிட்டேன். பட்டியல் முழுவதும் மைதானத்திலேயே ஒரு லேப்டாப்பில் இருக்கும். மற்ற மேசைகள் உள் நெட்வொர்க் வழியாக அதைத் திறக்கும். இணையம் இருந்தால் முடிவுகள் வெளியே போகும், இல்லாவிட்டால் சாயங்காலம் போகும். காலையில் ஒரு படி அச்செடுத்து ஒவ்வொரு மேசையிலும் வைத்துவிடுவேன். ரூட்டர், ஸ்விட்ச், அந்த லேப்டாப் மூன்றும் யு.பி.எஸ்.-இல் இருக்க வேண்டும். சமையல் பந்தலுக்கும் உங்கள் மேசைக்கும் ஒரே கரண்ட் லைன் கொடுக்க விடாதீர்கள். சட்னிக்குக் கிரைண்டர் போட்டதும் ஃபியூஸ் போன கதை நம் பக்கத்தில் நிறைய உண்டு.

பள்ளிகள் அனுப்பும் பட்டியல்களை எக்செல்லில் ஒன்றாகச் சேர்த்தால் ஒரே குழப்பமாகிறது. ஒரே மாணவன் இரண்டு தடவை வருகிறான், வயதுப் பிரிவு மாறுகிறது. – கணினி ஆசிரியை, தாராபுரம்

பெயரை வைத்துச் சேர்க்காதீர்கள், டீச்சர். இனிஷியலை ஒரு பள்ளி முன்னால் போடும், ஒன்று பின்னால் போடும், இன்னொன்று புள்ளியே வைக்காது. கவின் என்று தேடினால் நம் ஊர்களில் ஒரு வகுப்புக்கு இரண்டு பேர் இருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கல்வித் துறை கொடுத்த எமிஸ் எண் இருக்கிறது, அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எமிஸ் எண் இரண்டு தடவை வந்தால் கணினி உடனே காட்டிவிடும்.

வயதுப் பிரிவு மாறுவது தேதியால். 05/07/2011 என்று நாம் எழுதினால் ஜூலை 5. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அது மே 7 என்று எடுத்துக்கொள்ளும். வயதைக் கணக்கிடும் கெடு தேதி டிசம்பர் 31 என்றால் ஆண்டு மாறாது, தப்பித்தோம். கெடு ஜூன் 1, அதற்குப் பின் பிறந்தவர்தான் ஆடலாம் என்று இருந்தால், தகுதியுள்ள பிள்ளை வெளியே போய்விடுவான். 25/07/2011 என்று வந்தால் 25-ஆவது மாதம் கிடையாதே, அதனால் எக்செல் அதைத் தேதியாகவே ஏற்காது. வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். சரியான தேதிகள் வலது ஓரத்தில் நிற்கும். பத்தியை மேலிருந்து கீழே ஒரு பார்வை பாருங்கள். இடது ஓரத்தில் நாலு பேர் நின்றால், வலது ஓரத்தில் இருப்பவர்களிலும் நாளும் மாதமும் இடம் மாறியவர்கள் இருப்பார்கள் என்று அர்த்தம். படிவத்திலேயே நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிக் கட்டமாகக் கேட்டு, மாதத்தை எழுத்தில் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டால் இந்த வம்பே இல்லை.

அப்புறம், சில பள்ளிகள் இன்னும் பாமினி எழுத்துருவில் பெயர் அடித்து அனுப்புகின்றன. உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் சான்றிதழில் பிள்ளையின் பெயர் புரியாத ஆங்கில எழுத்துகளாக விழும். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. யூனிகோடில் மட்டும் அனுப்புங்கள் என்று சுற்றறிக்கையின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். சான்றிதழை வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள், அதில் பெயர் தப்பாக இருக்கவே கூடாது.

கபடிப் போட்டிக்குக் கூகுள் ஃபார்ம் போட்டு, நுழைவுக் கட்டணத்தைப் போனில் அனுப்பச் சொன்னோம். போன வருஷம் ஒரே ஸ்கிரீன்ஷாட்டை இரண்டு அணி அனுப்பிவிட்டது. பெரிய சண்டை ஆகிவிட்டதுங்க அக்கா. – இளைஞர் நற்பணி மன்றம், காங்கேயம்

ஸ்கிரீன்ஷாட்டைச் சாட்சியாக எடுக்காதீர்கள் தம்பி. அது ஒரு படம், அவ்வளவுதான். ஒவ்வொரு யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று வரும், யு.டி.ஆர். என்பார்கள். படிவத்தில் அந்த எண்ணைக் கேளுங்கள். ராத்திரி உட்கார்ந்து வங்கிக் கணக்கு விவரத்தோடு ஒப்பிட்டுவிட்டு, பொருந்திய அணிக்கு மட்டும் 'பதிவு உறுதி' என்று செய்தி அனுப்புங்கள். ஷீட்டில் அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைக்க மறக்காதீர்கள். எக்செல்லில் 12 இலக்க எண் 4.2E+11 என்று சுருங்கிக் காட்டும், ஒப்பிட முடியாது. க்யூ.ஆர். அட்டையிலேயே கட்டணத் தொகையைப் பதித்துக் கொடுத்தால் ஐம்பது ரூபாய் குறைவாக வரும் தொல்லையும் இருக்காது. மன்றத்துக்கு ஒரு கணக்கு இருக்கட்டும், பொருளாளரின் சொந்தக் கணக்கு வேண்டாம்.

கூகுள் ஃபார்மில் கோப்பு ஏற்றச் சொன்னால், அனுப்புகிறவர் கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். அப்பாவின் போனில் பதிவு செய்கிற பையன் அங்கேயே நின்றுவிடுவான். படம் கேட்காமல் விட்டுவிடுங்கள், சான்றை நேரில் பார்த்துக்கொள்ளலாம். எடைப் பிரிவுப் போட்டி என்றால் படிவத்தில் எழுதும் எடைக்கு மதிப்பே கிடையாது. அன்றைக்குத் தராசில் ஏற்றிப் பார்த்து, அங்கேயே லேப்டாப்பில் பதிந்து, அணித் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஒரே ஆட்டக்காரர் இரண்டு அணியில் ஆடுவது நம் ஊர்ப் பழைய வழக்கு. களத்தில் ஏழு பேர், மாற்று ஆட்டக்காரர் ஐந்து பேர், ஆக 12 பேரின் செல் எண்ணையும் தனித்தனியாகக் கேட்டால் பெரும்பாலும் பட்டியலிலேயே மாட்டிக்கொள்வார்கள். யாரும் கூட்டத்துக்கு முன்னால் அவமானப்படாமல், போட்டிக்கு முந்தின நாளே இரண்டு அணித் தலைவர்களையும் கூப்பிட்டுப் பேசித் தீர்த்துவிடலாம்.

என் மகள் சதுரங்கம் ஆடுகிறாள், வயது 9. ஒவ்வொரு போட்டிக்கும் ஆதார் நகல், புகைப்படம், வீட்டு விலாசம் எல்லாம் ஆன்லைனில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – ஓர் அம்மா, பொள்ளாச்சி

யோசித்துக் கொடுங்கள் சகோதரி. வயதை உறுதிப்படுத்தப் பிறப்புச் சான்றிதழ் போதும். ஆதார்தான் வேண்டும் என்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' இருக்கிறது, அதைப் பதிவிறக்கிக் கொடுங்கள். உங்கள் மகளுக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு கொடுக்கும் ஃபிடே எண் இருந்தால் பெயர், பிறந்த ஆண்டு, தரப்புள்ளி மூன்றும் ஃபிடே தளத்திலேயே இருக்கின்றன. அதற்கு மேல் வீட்டு விலாசம் எதற்கு? தயங்காமல் கேளுங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே வைத்து, பெற்றோர் ஒப்புதலோடுதான் விவரம் வாங்க வேண்டும் என்கிறது.

போட்டி நடத்துகிறவர்களும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். 'பதிவானவர்கள் பட்டியல்' என்று வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போடும்போது செல் எண், பிறந்த தேதி உள்ள அசல் ஷீட்டையே போட்டுவிடுகிறார்கள். பெயர், ஊர், பிரிவு மட்டும் உள்ள தனி ஷீட் ஒன்று போடுங்கள். அது பத்து நிமிஷ வேலை. சான்றிதழ் கொடுத்து முடித்ததும் மற்றதை அழித்துவிடுங்கள்.

கல்லூரி விளையாட்டு விழாவில் மதியத்துக்கு மேல் புதிதாக எந்தக் கருவியும் நெட்வொர்க்கில் சேரவில்லை. சிக்னல் முழுசாக இருந்தது. – மாணவர், பெருந்துறை

நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண்ணை முகவரியாகக் கொடுக்கும், அந்த முகவரி தீர்ந்துபோயிருக்கும் தம்பி. சாதாரண ரூட்டர் அதிகம் போனால் 253 ஐ.பி. முகவரிதான் கொடுக்கும், பலவற்றில் 100-தான் வைத்திருப்பார்கள். வைஃபை கடவுச்சொல் ஒருத்தருக்குத் தெரிந்தால் விடுதி முழுக்கத் தெரியும். வந்து போன ஒவ்வொரு போனும் ஒரு முகவரியை ஒரு நாள் வரை பிடித்து வைத்திருக்கும். விருந்தினருக்கு வேறு ரூட்டர் வைத்து அதில் அந்த நேரத்தை ஒரு மணியாகக் குறைத்துவிடுங்கள். போட்டி மேசைகளுக்குத் தனி நெட்வொர்க், மாறாத முகவரி. இரண்டு மூன்று வைஃபை பெட்டி வைத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்களை மட்டும் பயன்படுத்துங்கள், மற்றவை ஒன்றோடொன்று மோதும்.

எங்கள் பள்ளி தாளவாடி மலையில் இருக்கிறது. ஆன்லைன் பதிவு மட்டும்தான் என்று அறிவித்துவிடுகிறார்கள். எங்களுக்குச் சிக்னல் இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. போன முறை பக்கம் பாதி திறந்ததும் கெடு முடிந்துவிட்டது. – ஓர் ஆசிரியர்

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் சார். பக்கம் திறக்காதது உங்கள் தவறே இல்லை. ஆன்லைன் பதிவு என்பது வேலையைச் சுலபமாக்க வந்தது. ஓடத் தெரிந்த பிள்ளையை அது தடுக்கிறது என்றால் அமைத்தவர்தான் திருத்த வேண்டும். நான் அமைத்துக் கொடுக்கும் பதிவுகளில் மூன்று விஷயம் கேட்டு வாங்கிவிடுவேன். படிவத்தில் படமோ அலங்காரமோ இருக்கக் கூடாது, சிக்னல் மெலிந்தாலும் திறக்க வேண்டும். கெடு முடியும் வாரத்தில் தினமும் நான்கிலிருந்து ஆறு மணி வரை போன் எடுக்க ஓர் ஆள் வேண்டும். நீங்கள் சொல்லச் சொல்ல அவர் பதிய வேண்டும். கடைசி நாளில் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தாலே இடம் பிடித்து வைக்க வேண்டும், மற்ற விவரத்தை இரண்டு நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாம். இணையம் இல்லாதபோதும் எஸ்.எம்.எஸ். பல நேரம் போய்விடும்.

போனில் சொல்லும்போது, எழுதியதைத் திரும்பப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்குக் கன்னடப் பெயர். கீழே இருப்பவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவிடுவார்கள்.

இன்னொன்றையும் பதிவின்போதே சொல்லிவிடுங்கள். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும், இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் போட்டிகளைக் காலை பத்துக்கு மேல் ஆரம்பித்து மதியம் இரண்டுக்குள் முடிக்கும்படி அட்டவணை போட முடியும். படிவத்தில் 'எங்கிருந்து வருகிறீர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தால் அட்டவணை போடுகிறவர் கண்ணில் அது படும். அடுத்த வருஷப் படிவத்தில் அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லி, உங்கள் கடிதத்தின் நகலை எனக்குத் தெரிந்த அமைப்பாளர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.