ராமநாதபுரம் கரையில் பெரிய துறைமுகமே இல்லை. கப்பல்கள் எடைக்காக ஏற்றி இறக்கும் பேலஸ்ட் தண்ணீரைச் சுத்திகரித்தால் நமக்கு என்ன, சுத்திகரிக்காவிட்டால் என்ன?

நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். சொந்த ஊர் பாம்பன் பக்கம். அம்மா முப்பது வருஷம் தீவுக் கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக மனசு வரவில்லை.

பெரிய கப்பல் பாம்பன் கால்வாயில் நுழையாது, இலங்கையைச் சுற்றித்தான் போகும். அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் நம் பக்கம் தொடங்கித் தூத்துக்குடியில் முடிகின்றன. கடைசித் தீவுக்கூட்டம் இருப்பதே தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டித்தான். அங்கே கப்பல் தண்ணீரோடு இறங்கும் ஆழியின் (பாறையில், மரத்தில் ஒட்டி வளரும் சிப்பி வகை) குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் வாரக்கணக்காகத் தண்ணீரில் மிதந்து திரிந்த பிறகே எதிலாவது ஒட்டும். கச்சான் காற்றில் ஒரு பக்கம், வாடைக் காற்றில் இன்னொரு பக்கம் என்று நீவாடு, அதாவது நீரோட்டம், மாறி ஓடுகிற கடலில், அத்தனை நாளில் அவை மாவட்ட எல்லையில் இருக்கும் வேம்பாரைத் தாண்டி நம் பக்கம் வந்துவிட முடியும்.

அப்புறம் கப்பல் விஷயம். சரக்கை இறக்கிய கப்பல் வெறும் வயிற்றோடு கடலில் நிற்காது, ஆடும். அந்தக் காலத்தில் மணலும் கல்லும் ஏற்றினார்கள், இப்போது கடல்நீரை ஏற்றுகிறோம். பெரிய கப்பல் என்றால் பல்லாயிரம் டன். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏறும்போது அந்தத் தண்ணீரை வெளியே விடுவோம். ஒரு நாட்டுக் கடலின் உயிர்கள் இன்னொரு நாட்டுக் கடலில் இறங்குவது இப்படித்தான்.

முதலில் வந்த வழி, முடிந்தவரை கரையிலிருந்து 200 கடல் மைல் தள்ளி, 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் தண்ணீரை மாற்றுவது. கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் கப்பலுக்கு இது ஆகுமா? மொத்தத் தூரமே சுமார் 150 கடல் மைல்தான். எவ்வளவு நல்ல கேப்டனாக இருந்தாலும் நடுவில் 200 மைல் விலகிப் போக இடமே இல்லை. நம் கடலுக்குக் கப்பலுக்குள்ளேயே நடக்கிற சுத்திகரிப்புதான் கதி என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

2004-இல் போட்ட சர்வதேச ஒப்பந்தம் 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு உட்பட்ட கப்பல்கள் 2024 செப்டம்பர் 8-க்குள் சுத்திகரிப்பு அளவுகோலுக்கு வந்திருக்க வேண்டும். வெளியேற்றும் தண்ணீரில், 50 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள உயிர்கள் ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதைவிடச் சின்னவற்றுக்கும், காலரா கிருமிக்கும் தனித்தனி வரம்பு உண்டு.

நாங்கள் ஏற்றும்போதே தண்ணீரை வடிகட்டுவோம். பிறகு புற ஊதா விளக்கு அறை வழியாக அனுப்புவோம், இறக்கும்போது இன்னொரு முறை. வேறு கப்பல்களில் கடல்நீரிலேயே மின்சாரம் பாய்ச்சிக் குளோரின் உண்டாக்கிக் கொல்வார்கள். இறக்கும் முன் அந்தக் குளோரினை முறித்தாக வேண்டும், இல்லையென்றால் அதுவே மீனுக்கு விஷம். வடிகட்டியைத் திறந்து கழுவும்போது கையில் வருவது பழுப்பு நிறக் கூழ். டார்ச் அடித்தால் அதற்குள் அரிசி நொய் அளவில் ஒரு நண்டுக் குஞ்சு கால் அசைத்துக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது அதை அம்மாவிடம் போனில் சொன்னேன்.

இதில் ஓட்டையும் உண்டு. ஒருமுறை ஆற்றுமுகத் துறைமுகம் ஒன்றில் தண்ணீர் சேற்றுக் கரைசல் மாதிரி இருந்தது. வடிகட்டி அடைத்துக்கொண்டே இருந்தது, கலங்கல் நீரில் புற ஊதா ஒளி ஊடுருவவில்லை, அலாரம் நிற்கவில்லை. சரக்கோ இறங்கிக்கொண்டே இருந்தது. சுத்திகரிக்காமலே தண்ணீரை உள்ளே விடும் பைபாஸ் வால்வைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். போகும் வழியில் ஆழ்கடலில் மாற்றி, சுத்திகரித்து நிரப்பியிருக்க வேண்டும். கடல் கொந்தளிப்பில் அது பாதியிலேயே நின்றது. அந்தத் தண்ணீரோடு எது இறங்கியது என்ற நினைப்பு இன்னும் என்னை உறுத்துகிறது.

ஏன் இவ்வளவு பயம் என்றால், குருசடைத் தீவைப் பாருங்கள். கப்பாஃபைகஸ் பாசி கப்பலில் வரவில்லை, வளர்ப்புக்காக நாமே கொண்டுவந்தது. அதை நம்பி எத்தனையோ பெண்கள் குடும்பம் நடத்துகிறார்கள், அதையும் மறுக்கவில்லை. ஆனால் 2008 வாக்கில் அது குருசடைப் பவளப்பாறைமேல் படர்ந்திருப்பது தெரியவந்தது. ஆள் விட்டுக் கையால் பிய்த்தாலும் ஒட்டியிருக்கும் துணுக்கிலிருந்து மறுபடி கிளம்பிவிடும். கண்ணுக்குத் தெரிகிற பாசிக்கே இந்த நிலை. பழவேற்காட்டில் தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு ஆழி, அங்குள்ளவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள், ஏரியின் அடித்தரையைப் போர்த்தி இறால் பிடிப்பை நாசம் செய்கிறது. பேலஸ்ட் தண்ணீரில் வந்ததோ, கப்பலின் அடியில் ஒட்டி வந்ததோ, வந்தது போகவில்லை. சுத்திகரிப்பு பேலஸ்ட் தண்ணீர் வழியை மட்டுமே அடைக்கும். அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தமாக வைப்பது தனி வேலை.

உங்கள் வலையிலோ, வள்ளத்தின் அடியிலோ, பாலத்துத் தூணிலோ இதுவரை பார்க்காத ஆழியோ பாசியோ கொத்தாக ஒட்டியிருந்தால், பிய்த்துக் கடலிலேயே வீசாதீர்கள். போட்டோ எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கொஞ்சத்தை டப்பாவில் போட்டு மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள்.