சங்கிலி உணவகங்களுக்கு மெனு மென்பொருள் செய்யும்போது எதில் தொடங்க வேண்டும்?

இருபது முப்பது கிளைகள் உள்ள ஓர் உணவக நிறுவனத்துக்கு மெனு மேலாண்மை மென்பொருள் செய்யப்போவதாகவும், டேட்டாபேஸில் ஐட்டம், வகை, விலை என்று மூன்று டேபிள் போட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்து என்ன என்பது உங்கள் கேள்வி.

அந்த மூன்றையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நானும் இதே மூன்றில்தான் தொடங்கினேன். பிறகு ஒரு வருடம் அதைப் பிரித்துக் கட்டுவதிலேயே போயிற்று. ‘இந்தக் கிளையில், இந்த நேரத்தில், இந்த வழியாக வாங்குகிறவருக்கு எதை, என்ன விலைக்கு விற்கிறோம்?’ இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுச் சொல்லும் விடைதான் மெனு. டேட்டாபேஸை அதை மனதில் வைத்துப் போடுங்கள்.

எங்கள் முதல் பதிப்பில் புதுக் கிளை திறந்தால் தலைமை அலுவலக மெனுவை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்துவிடுவோம். வேலை சுலபம், கிளைக்காரர்களுக்கும் சந்தோஷம். சில மாதங்கள் கழித்து பன் வாங்கும் இடத்தை மாற்றினார்கள். புதிய பன்னில் எள் இருந்தது. அலர்ஜிக் குறிப்பை எல்லா நகல்களிலும் மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினோம். அது ஐட்டத்தின் பெயரை வைத்துத் தேடியது. ஒரு கிளையில் மட்டும் அந்த சாண்ட்விச்சுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். வாடிக்கையாளரே தொட்டு ஆர்டர் செய்யும் அங்கிருந்த கியோஸ்க் திரை நாலு நாள் ‘எள் இல்லை’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. பன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்த ஷிப்ட் சூப்பர்வைசர்தான் போன் செய்து சொன்னார். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த போன் வந்த மதியத்தை இன்னும் நான் மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், கிளைக்கு மெனுவை நகல் எடுக்காதீர்கள். மூல மெனு ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதற்குக் கீழே மண்டலம், அதற்கும் கீழே கிளை. ஒவ்வொரு படியிலும் எது வேறுபடுகிறதோ அதை மட்டும் சேமியுங்கள். விலை காலியாக இருந்தால் மேல்படியில் இருப்பதை எடுத்துக்கொள் என்று பொருள். விலை 0 என்றால் இலவசம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒருநாள் கிளை முழுக்க இலவசமாக விற்கும். மூன்று படிகளுக்கு மேல் போக வேண்டாம். நாலாவது படி வந்துவிட்டால் ஒரு விலை எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றே படியாக இருந்தாலும் திரையில் விலைக்குப் பக்கத்திலேயே ‘மண்டலத்திலிருந்து’, ‘இந்தக் கிளையில் மாற்றியது’ என்று காட்டுங்கள்.

எல்லாவற்றையும் மாற்றும் உரிமை கிளைக்கு வேண்டியதில்லை. அலர்ஜி விவரமும் வரி வகையும் பூட்டியே இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 அலர்ஜிப் பொருள்கள் உண்டு. அமெரிக்கப் பட்டியலில் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது 2023 ஜனவரியில்தான். அலர்ஜிக்கென்று எட்டு நிரல்கள் (column) வைத்து டேபிள் போட்டவர்கள் அன்றைக்கு டேபிளையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். அலர்ஜியைத் தனி டேபிளாக வைத்து, ஐட்டத்தோடு சேர்க்காமல் அதில் போடும் மூலப்பொருளோடு இணையுங்கள். பன் மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். 20 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள சங்கிலிகள் மெனுவில் கலோரி காட்ட வேண்டும் என்பது 2018 மே முதல் அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கிறது. அதனால் கலோரிக்கும் அளவுவாரியாக இடம் விடுங்கள்.

விலையை ஐட்டத்துக்குள் வைக்காதீர்கள். உட்கார்ந்து சாப்பிடுவது, பார்சல், டெலிவரி ஆப் என்று வழிக்கு வழி விலை மாறும், சில நாடுகளில் வரியும் மாறும். பணத்தைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாகவே சேமியுங்கள், மிதவைத் தசமத்தில் (float) வேண்டாம்.

அப்புறம், ‘கூடுதல் சீஸ்’, ‘சர்க்கரை குறைவு’ போன்ற சேர்மானங்கள். கடினமான வேலை இங்கேதான். சேர்மானங்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது எத்தனை, அதிகபட்சம் எத்தனை தேர்ந்தெடுக்கலாம் என்ற இரண்டு எண்கள் வேண்டும். பெரிய பீட்சாவுக்குக் கூடுதல் சீஸின் விலை சிறியதற்கானதாக இருக்காது. ஆக, சேர்மானத்தின் விலை அளவையும் பார்க்க வேண்டும். ஒரே குழுவைப் பல ஐட்டங்கள் பகிர்ந்துகொள்ளும். ஒன்றுக்காகத் திருத்தப்போய் மற்றவையும் மாறிவிடும். சேமிக்கும் முன் ‘இந்தக் குழு இன்னும் 34 ஐட்டங்களில் இருக்கிறது’ என்று காட்டும் ஒரு சின்னப் பெட்டி எங்களைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

‘தீர்ந்துவிட்டது’ என்பதை மெனுத் திருத்தமாகச் செய்யாதீர்கள். ஒரு கிளையில் கவுண்டர் திரையின் மேலேயே இரண்டு ஐட்டப் படங்களை மறைத்துத் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். எங்கள் மென்பொருளில் ஒன்றை நிறுத்த மேனேஜர் லாகின் செய்து ஆறு திரை தாண்ட வேண்டும். மதியக் கூட்டத்தில் யார் அதைச் செய்வார்கள்? கிச்சன் திரையிலேயே இரண்டு தட்டில் முடிய வேண்டும், சில நொடிகளில் ஆப் வரை போய்ச் சேர வேண்டும், மறுநாள் கடை திறக்கும்போது தானாக நீங்க வேண்டும்.

மெனுவை வெளியிடுவதற்கு வேறு வேகம், நிதானமாகவே நடக்கட்டும். வரைவு, முன்னோட்டம், பிறகு எண்ணிட்ட பதிப்பு. கிளை அந்தப் பதிப்பை முழுசாக இறக்கிச் சரிபார்த்த பிறகே மாற வேண்டும், பாதி ஆர்டரில் மாறக் கூடாது. நெட் போனாலும் கடைசிப் பதிப்பை வைத்து பில் போட முடிய வேண்டும். நேரம் கிளையின் உள்ளூர் நேரம். இரவு 11 முதல் 2 வரை உள்ள மெனு நள்ளிரவில் தேதி மாறியதும் காணாமல் போகும் பிழையை முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

ஆர்டர் விழுந்ததும் பெயர், விலை, வரி மூன்றையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த மாதம் விலை மாறினாலும் பழைய பில் மாறக் கூடாது. நகல் எடுக்க வேண்டியது இங்கேதான்.

கிச்சன் சீட்டில் அச்சாக ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனியாக ஒரு சின்னப் பெயர் வையுங்கள். 80 மி.மீ. தாளில் ஆங்கில எழுத்து வழக்கமாக வரிக்கு 48 வரை பிடிக்கும். தமிழில் இந்தக் கணக்கு செல்லாது. ‘கொ’ என்ற ஒரே எழுத்து யூனிகோடில் இரண்டு குறிகள். எண்ணிக்கை பார்த்து வெட்டினால் கொம்பும் காலும் போய் வெறும் ‘க’ நிற்கும், சமைப்பவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன ஐட்டம் என்று கேட்பார்.

கோடு (code) எழுதும் முன் ஒரு கிளையின் உண்மையான மெனு முழுவதையும் உங்கள் டேபிள்களில் கையாலேயே ஏற்றிப் பாருங்கள். அந்தக் கிளையின் சூப்பர்வைசரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். ‘இதை இப்படித் தரமாட்டோமே’ என்று அவர் சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று டேபிள் எத்தனையாக வளர வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.