பார்ட்டிகிள் ஃபைனைட் எலிமெண்ட் முறையை எம்.டெக் ப்ராஜெக்டுக்கு எடுக்கலாமா? வழக்கமான எஃப்.இ.எம். (ஃபைனைட் எலிமெண்ட் மெத்தட், பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) போதாதா?

"புதுசா ஏதாவது பண்ணு" என்று உங்கள் கைடு சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். புதுசு என்பதற்காக எடுக்காதீர்கள். பொருளின் விளிம்பு எங்கே போய் நிற்கும் என்பதே கேள்வியாக இருந்தால் தாராளமாக எடுங்கள்.

எனக்கு அப்படி ஒரு கேள்வி காரைக்குடிப் பக்கத்திலேயே கிடைத்தது. மாமாவுக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. கண்ணாடி மேல் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கலர் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிடுவார்கள். அச்சுத் தகடு இருந்த இடைவெளி மூட வேண்டும், ஆனால் கலர்கள் ஒன்றுக்குள் ஒன்று போகக் கூடாது. அந்தக் குழம்பு ஓரளவு அழுத்தம் வந்தால்தான் ஓடும், குறைந்தால் நின்றுவிடும். பிங்கம் மாடல் என்று படித்திருப்பீர்கள். மாமா கரண்டியைச் சாய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார். எனக்கு சிமுலேஷன் தேவைப்பட்டது.

பொருளோடு நகரும் சாதாரண மெஷ் (அந்தத் துண்டுகளின் வலை), குழம்பு சரியத் தொடங்கியதுமே முறுக்கிக்கொண்டு, துண்டு புரண்டுவிட்டதைக் காட்டும் ஜேக்கோபியன் நெகட்டிவ் பிழையோடு நின்றுவிடும். பார்ட்டிகிள் முறையில் நோடுகளே (மெஷ்ஷின் முனைப் புள்ளிகளே) துகள்கள். ஒவ்வொரு டைம் ஸ்டெப்பிலும் அவற்றை வைத்து, பக்கத்துப் புள்ளிகளை இணைக்கும் டெலோனே முக்கோணங்களைப் புதிதாகப் போடுவோம். அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பவற்றை ஆல்ஃபா ஷேப் என்ற அளவுச் சோதனை கழித்துவிடும், மிஞ்சியதன் விளிம்புதான் பொருளின் விளிம்பு. அப்புறம் பழைய எஃப்.இ.எம். சமன்பாடுகளேதான்.

"இது டி.இ.எம். (டிஸ்கிரீட் எலிமெண்ட் மெத்தட்) தானே" என்று யாராவது வருவார்கள். இல்லை சார். 1979-ல் கண்டலும் ஸ்ட்ராக்கும் எழுதிய டி.இ.எம்.-ல் துகள்கள் தனித்தனி, மோதல் விதிதான் எல்லாம். இங்கே பொருள் தொடர்ச்சியானது. குறையே இல்லை என்றும் சொல்லவில்லை. ஆல்ஃபா ஷேப் விளிம்பில் கொஞ்சம் கனஅளவைக் கூட்டும், குறைக்கும். உலோகம் வெட்டுவது போன்ற வேலை என்றால் காஸ் பாயிண்டில் (துண்டுக்குள் கணக்குப் போடும் புள்ளியில்) இருக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ரெயினை (பழைய நிலைக்குத் திரும்பாத உருமாற்றத்தை) ஒவ்வொரு புது மெஷ்ஷுக்கும் மாற்ற வேண்டும். உங்கள் நேரத்தைத் தின்னப்போவது அதுதான்.

 

சரி, உங்களுடையது உத்திரம், பிராக்கெட் மாதிரி கொஞ்சமாக வளையும் சமாச்சாரம் என்றால் வழக்கமான எஃப்.இ.எம்.-மே போதும். இல்லையென்றால் பார்ட்டிகிள் முறை உள்ள கிராட்டோஸ் என்ற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது, 2டி-யில் ஆரம்பியுங்கள்.